நேரலைக் கடைத்தெரு

வாணிகத்தைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவதா என்று சில அன்பர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு சொல். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துப் பேச வெட்கப்படவில்லை. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் எந்தத் தெருவில் எவர் என்ன விற்றார் என்று சொல்வதற்கு இளங்கோவடிகள் இந்திரவிழவூரெடுத்த காதையில் தாராளமாக இடம் ஒதுக்கினார். பட்டினப்பாலை ஆசிரியரோ, பண்டத்தின் விலையை மறைக்காது எடுத்துச் சொல்லி விற்ற வணிகரைப் புகழ்ந்து பாடினார். ஆகவே கடைத்தெரு புலவனுக்கு விலக்கப்பட்ட இடமன்று. அந்தக் கடைத்தெரு இன்று உள்ளங்கையளவு கண்ணாடிக்குள் வந்து அமர்ந்திருக்கிறது, அவ்வளவே வேற்றுமை.

இணையத்தில் காணொளி வெளியிட்டும், நேரலையில் தோன்றியும் பொருள் விற்பது எப்படி என்று இளைஞர்கள் என்னைக் கேட்பதுண்டு. பெரும்பாலும் அவர்கள் கேட்பது கருவியைப் பற்றித்தான். எந்தக் கமரா நல்லது, எந்த விளக்கு வேண்டும், பின்னணியில் எந்த இசை. என் துணிபு வேறு. பதிவு செய்து வெட்டி ஒட்டிய படம் ஒரு கடையின் மிகச் சிறந்த நாளைக் காட்டும். நேரலை இன்றைய நாளைக் காட்டும். காசு கொடுப்பவனுக்கு வேண்டியது இன்றைய நாள். இந்த ஒன்றை மறவாதிருந்தால், மற்றவை கையிலிருக்கும் சாதாரணத் தொலைபேசியிலேயே ஒப்பேறிவிடும்.

நான் வாழும் பொல்பிட்டியப் பகுதிக்குக் கமரா புதிதன்று. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பகுதி இது. சற்றுக் கீழே கித்துல்கல. 1957ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ என்னும் படத்துக்காக டேவிட் லீன் அங்கேதான் பாலம் கட்டி, அதைத் தகர்த்தும் காட்டினார். உலகம் அதைத் தாய்லாந்து ஆறு என்று எண்ணிப் பார்த்தது. படத்துக்கு ஏழு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன. எங்கள் ஆறு வேற்றுப் பெயரில் நடித்துவிட்டுப் பேசாமல் கடலுக்குப் போயிற்று. (நடிகர் பட்டியலில் ஆறுகளைச் சேர்க்கும் வழக்கம் இல்லைதான்.)

இன்று அதே ஆற்றில் இறப்பர்ப் படகு விட்டுப் பிழைப்போர் பலர். அவர்களுடைய விளம்பரக் காணொளிகளில் எப்போதும் வெள்ளை நுரை பொங்கும். எப்போதும் வெயில் அடிக்கும். ஆனால், இந்த ஆற்றின் நீர் மழையை மட்டும் நம்பி ஓடுவதில்லை. 1969இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய மின்நிலையமும் அதற்கு மேலுள்ள நிலையங்களும் எவ்வளவு நீரைத் தேக்குகின்றன, எப்போது விடுகின்றன என்பதையும் பொறுத்தே அது ஏறும், இறங்கும். படத்தை நம்பிக் கொழும்பிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்தவர் பாறைகளுக்கிடையே மெலிந்தோடும் நீரைக் கண்டு திகைப்பார். வேறொரு நாள் பெருவெள்ளத்தைக் கண்டு நடுங்குவார். காலை ஏழு மணிக்குக் கரையில் நின்று இரண்டு நிமிடம் நேரலை கொடுத்தால் என்ன? “நீர் இன்று இந்தப் பாறையைத் தொட்டு ஓடுகிறது. சிறுவர்களை இன்று ஏற்றமாட்டோம்” என்று சொல்லட்டும். அன்றைக்கு நாலு பேர் வராமற் போகலாம். மறுவாரம் வருபவர் அந்தச் சொல்லை நம்பி வருவார். ஆற்றுத் தொழிலில் நம்பிக்கை என்பது உயிர் பற்றிய காரியமும் ஆகும்.

தேயிலைக்கு வருவோம். கொழும்பில் 1883இல் தொடங்கிய தேயிலை ஏலம், கூவிக் கேட்கும் முறையில் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தது. 2020 ஏப்ரலில் பெருந்தொற்று ஊரை அடைத்தபோது, அது சில நாட்களுக்குள் இணையத்துக்கு மாறிவிட்டது. அவ்வளவு பழைய பழக்கம் அவ்வளவு விரைவில் மாற முடிந்தது ஏன்? அந்த வாணிகம் முதலிலிருந்தே ஒரு நல்ல வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தது. ஏலத்துக்கு முன்பே மாதிரித் தேயிலை வாங்குவோரிடம் போய்ச் சேர்ந்துவிடும். அவர்கள் வடித்து, சுவைத்து, குறிப்பெழுதிக்கொண்டு வந்துதான் விலை கேட்பார்கள். ஆகவே, மண்டபம் போனாலும் நாக்கு போகவில்லை.

இந்த வழக்கத்தைச் சிறு வியாபாரி இரவல் வாங்கிக்கொள்ளலாம். ஹற்றனிலோ மஸ்கெலியாவிலோ சிறு பொதிகளாகத் தேயிலை கட்டி விற்கும் ஒருவர், தொலைபேசியின் முன் நின்று “மணக்கிறது, மணக்கிறது” என்று நூறு முறை சொன்னாலும் கண்ணாடி வழியே மணம் போகாது. முதலில் கேட்டவர்களுக்கு இருபது கிராம் மாதிரியைத் தபாலில் அனுப்பட்டும். பிறகு ஒரு நாள் குறித்து நேரலையில் எல்லோரும் ஒன்றாக வடித்துக் குடிக்கட்டும். சுவைப்பவர்களுக்கென்று உலகத் தரமுறையில் ஓர் அளவு இருக்கிறது: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். அந்த ஆறு நிமிடத்தை வீணாக்க வேண்டாம். கொழுந்து வாட்டுவது, உருட்டுவது, புளிக்கவிடுவது, சூட்டில் உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது என்று ஒன்றொன்றாகச் சொல்ல அதுவே போதிய நேரம். பாட்டும் வேண்டாம், கூத்தும் வேண்டாம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. “விலை அறிய உட்பெட்டிக்கு வாருங்கள்” என்று எழுதும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ, யான் அறியேன். அது ஒழிய வேண்டும். ஆள் பார்த்து விலை சொல்லும் தந்திரம் அதில் ஒளிந்திருக்கிறது என்றே வாங்குவோர் எண்ணுவர். பட்டினப்பாலையின் வணிகர் இந்த உட்பெட்டியைக் கண்டால் நாணியிருப்பார்கள். பொருள், நிறை, விலை, அனுப்பும் கூலி, கெட்டிருந்தால் திருப்பித் தரும் முறை ஆகிய ஐந்தையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் வேறு பேச்சு. பொய் சொல்வோருக்கு நேரலை ஒரு பொல்லாத சாட்சி என்பதையும் நினைவூட்டுகிறேன். 2020இல் சீனத்தின் புகழ்பெற்ற நேரலை விற்பனையாளர் ஒருவர் பறவைக்கூட்டுப் பானம் என்று விற்றது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீரே என்று தெரியவந்தது, அபராதமும் விழுந்தது. இலட்சக்கணக்கானோர் பார்க்கச் சொன்ன பொய்யை யார்தான் மறைக்க முடியும்?

ஆசிரியப் பெருமக்களிடம் எனக்கொரு முறையீடு உண்டு. நேரலையில் கடைசியில் விற்பது பேச்சு. எங்கள் மாணவர் பேசும்போது கவனியுங்கள். வீட்டில் வளமாகப் பேசும் பிள்ளை, கமராவைக் கண்டதும் “சோ, ஹாய் கைஸ்” என்று தொடங்கித் திணறுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைத்துக் காட்டும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2018இல் தொடங்கியது. 2021இல் சந்தாதாரர் ஒரு கோடியைத் தாண்டினர். அவர்கள் செய்த வித்தை என்ன? கையில் எடுத்த பொருளின் பெயரை உரக்கத் தமிழில் கூவினார்கள். மிளகாய் என்றால் மிளகாய். சீரகம் என்றால் சீரகம். எமது பாடசாலைகளில் மேடைப்பேச்சுப் போட்டிக்குக் கொடுக்கும் தலைப்புகளைப் பாருங்கள்! ஒரு பொருளைக் கையில் கொடுத்து, “இதை மூன்று நிமிடத்தில் பொய்யின்றி, பிறமொழி கலவாது, கேட்போர் விரும்பும்படி சொல்” என்று ஒரு போட்டி வைத்தால், தமிழும் வளரும். பிள்ளைக்குப் பிழைப்பும் தெரியும்.

மலைநாட்டுக்கே உரிய சில இடர்களும் உள. பள்ளத்தாக்கில் அலைவரிசை கிடைப்பது மழைக்காலத்து வெயில் போன்றது. கிடைக்கும் மேட்டைத் தேடி முதல் நாளே சோதித்துக்கொள்ள வேண்டும். இல்லாத இடத்தில் நேரலைக்கு ஆசைப்படாமல், நிறுத்தாமல் எடுத்த ஒரே பதிவாக்கிப் பின்னர் ஏற்றுவதே மேல். தகரக் கூரையின் கீழ் மழை பிடித்தால் வாய் அசைவது மட்டுமே தெரியும். படம் மங்கினால் பார்ப்பவர் பொறுப்பார். ஒலி கெட்டால் ஓடிவிடுவார். கடல் கடந்த உறவினருக்கு விற்பதானால் ஞாயிறு இரவு எட்டு மணி உகந்தது. அப்போது லண்டனில் பிற்பகல், டொரொன்டோவில் காலை. இரு நகரத்தாரும் தேநீர்க் கோப்பையோடு இருக்கும் வேளை.

இனி, நெடுநாளாக என் மனத்தை உறுத்தும் விடயம். மலைநாட்டுப் பொருள் எதை விளம்பரம் செய்தாலும் அதில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் சிரிப்பாள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவள் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்தில் அவளுக்குப் பெயர் இல்லை, பேச்சும் இல்லை. அவளது நாட்கூலி 2021இல் ஆயிரம் ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்படுவதற்கு எத்தனை போராட்டம் நடந்தது என்பதை வாசகர் அறிவர். களனி கங்கையாவது ஒரு முறைதான் பெயரில்லாமல் நடித்தது!

காணொளி வாணிகம் அந்தப் பழைய படத்தை அசைய வைப்பதோடு நின்றுவிடுமாயின், அதில் எனக்கு அக்கறையில்லை. தேயிலையைப் பற்றிச் சொல்ல அவளைவிடத் தகுந்தவர் யார்? எந்தக் கொழுந்தை எடுப்பது, எதை விடுவது, முற்றிய இலை ஏன் ஆகாது, பனிக்காலத்து மலை எப்படி இருக்கும் என்பதெல்லாம் அவள் விரல் நுனியில் உள்ளவை. அவளைக் கேட்டு, சம்மதம் பெற்று, படமெடுப்பில் போன நேரத்துக்குக் கூலி கொடுத்து, அவளையே பேசவிட வேண்டும். பெயர் சொல்ல விரும்பினால் பெயரும் வரட்டும். படம் வெளியாகுமுன் அவளுக்கு ஒரு முறை முழுவதும் போட்டுக் காட்ட வேண்டும். இந்த இடம் வேண்டாம் என்று அவள் சொன்னால், அது எத்தனை அழகான இடமாயினும் வெட்டிவிட வேண்டும்.