ஒரு லட்சம் முகவரி, விலை ரெண்டாயிரம்

போன மாதம் காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஐந்து லிட்டர் டின். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு வருஷம் அடுத்தவன் எழுதின புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்து அலுத்துப் போய், ஊருக்குத் திரும்பி மரச்செக்கு போட்டவர். கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றும் ஆட்டுகிறார். செக்குக்கு முதல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பதில் சொல்லாமல், கூட வந்திருந்த மனைவியின் கையைப் பார்த்தார். கண்ணாடி வளையல். மேற்கொண்டு கேட்கவில்லை.

"எண்ணெய் நல்லாருக்குதுங்க சார். வாங்கினவங்க மறுபடி வாங்கறாங்க. ஆனா வாங்கினவங்க மட்டும்தான் வாங்கறாங்க" என்றார்.

விளம்பரம் கொடுக்கக் காசில்லை. அதனால் ஒரு யோசனை. யாரோ ஒரு புண்ணியவான் ஒரு லட்சம் ஈமெயில் முகவரிகளை ஒரே எக்ஸெல் ஃபைலில் அடைத்து ரெண்டாயிரம் ரூபாய்க்கு விற்கிறானாம். டாக்டர்கள், எஞ்சினீயர்கள், வருமான வரி கட்டுகிறவர்கள் என்று வகைவாரியாக.

"ஒரு லட்சம் பேருக்கு அனுப்பறேன். நூத்துல ஒருத்தர் வாங்கினாலும் ஆயிரம் டின். டின்னுக்கு இருநூறு நின்னாக்கூட ரெண்டு லட்சம் ஆச்சுங்க. நகையைத் திருப்பிரலாம்."

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அந்த 'நூத்துல ஒருத்தர்' எங்கிருந்து வந்தார் என்பதைத் தவிர.

இந்த ஒருத்தரை விஞ்ஞான ரீதியாகவே தேடிப் போனவர்கள் இருக்கிறார்கள். 2008-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ, பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் செய்த காரியம் துப்பறியும் கதை மாதிரி இருக்கும். அப்போது 'ஸ்டார்ம்' என்று ஒரு கள்ள வலை. ஊரில் உள்ளவர்களின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, சொந்தக்காரருக்குத் தெரியாமல் அங்கிருந்து குப்பை மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. இவர்கள் அந்த வலைக்குள்ளேயே புகுந்து, மெயிலில் இருந்த மருந்துக்கடை விலாசத்தை மாற்றி, தாங்களே ஜோடித்த ஒரு போலிக் கடைக்குத் திருப்பிவிட்டார்கள். யாரிடமும் காசு வாங்கவில்லை. வாங்க வந்தவர்களை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

26 நாளில் கிட்டத்தட்ட 35 கோடி மெயில். முக்கால்வாசி வாசலிலேயே மடக்கப்பட்டது. கடைப்பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம். வாங்குகிறேன் என்று கடைசிப் படிவரை வந்தவர்கள் 28 பேர்.

இருபத்தெட்டாயிரம் இல்லை. வெறும் இருபத்தெட்டு. அதில் 27 பேர் கேட்டது என்ன மருந்து என்பதை, இந்தப் பத்திரிகை குடும்பத்தோடு படிக்கப்படுவதால், உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

அதாவது சுமார் ஒன்றேகால் கோடி மெயிலுக்கு ஒரு ஆசாமி. நம் இளைஞர் அந்த ஒரு லட்சம் பேருக்கும் நூற்றிருபது தடவைக்கு மேல் எழுதினால் ஒரு டின் போகும். அதற்குள் யாராவது பஸ் ஏறி வந்து அடித்துவிடக்கூடும்.

"அப்ப அவனுக எதுக்குங்க சார் அனுப்பறானுக?"

நல்ல கேள்வி. கள்ளனுக்குச் செலவே கிடையாது. கம்ப்யூட்டர் ஊரானுடையது, கரண்ட் ஊரானுடையது, பெயர்கூட அவனுடையது இல்லை. ஆராய்ச்சியாளர்கள் பார்த்தது அந்த வலையின் ஒரு சின்ன மூலைதான். முழு வலைக்கும் காசு வரத்தான் செய்திருக்கும். பெயர் கெட்டால் இன்னொரு பெயர். டின்னில் தன் ஊர்ப் பெயரை அச்சடித்து விற்கிறவருக்கு இந்த சௌகரியம் இல்லை.

கூப்பிடாமல் போன மெயில் பிரமாதமாக வேலை செய்ததும் உண்டு. 1978 மே மாதம். இன்டர்நெட்டுக்குத் தாத்தாவான ஆர்ப்பாநெட்டை அமெரிக்க ராணுவப் பணத்தில் நடத்திக்கொண்டிருந்த காலம். டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைக்காரர் கேரி தூர்க், தங்களுடைய புது மெஷினைக் கலிஃபோர்னியாவில் செய்து காட்டப்போகிறோம், பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலாகத் தட்டிவிட்டார். முழுக்கக் கொட்டை எழுத்தில். முகவரிகள் மேலே உள்ள கட்டத்தில் கொள்ளாமல் கடிதத்துக்குள்ளேயே வழிந்துவிட்டன. கண்ணராவியான கடிதம். ராணுவத்திடமிருந்து புகார் வந்தது, இனி இப்படிச் செய்யாதே என்று கண்டித்தார்கள். உலகத்தின் முதல் குப்பை மெயில் என்று சரித்திரத்தில் இடமும் கிடைத்தது.

ஆனால் அதனால் 1.3 கோடி டாலருக்குக் குறையாமல் வியாபாரம் நடந்தது என்று தூர்க் பிற்பாடு பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விற்பனைக்காரர் சொல்கிற தொகையில் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள், அப்போதும் ஜாஸ்திதான். காரணம் அந்த 400 பேர் யார் என்பது. அச்சடித்த ஆர்ப்பாநெட் டைரக்டரியிலிருந்து பொறுக்கியவர்கள். மேற்குக் கரையில் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். மெஷினோ, அந்த ஆர்ப்பாநெட்டிலேயே இணைகிற மெஷின். பசித்தவர் வீட்டு வாசலில் போய் இட்லி விற்றிருக்கிறார், கதவைத் தட்டின விதம்தான் தப்பு.

"உங்க 400 பேர் யாருப்பா?" என்றேன்.

விழித்தார். மனைவிதான் சொன்னார்: "பில்லு போடற கம்ப்யூட்டர்ல இருக்குதுங்களே." ஆன்லைனில் ஆர்டர் கொடுத்தவர்கள் 340 பேர். பெயர், ஊர், மெயில், எந்தத் தேதியில் எந்த எண்ணெய் எத்தனை லிட்டர், எல்லாம் இருக்கிறது. ஒரு வருஷமாக அதைக் கூரியர்காரனைத் தவிர வேறு யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

"இப்ப யாருங்க சார் மெயில் படிக்கறாங்க? எல்லாம் வாட்ஸ்அப்" என்று இழுத்தார். வாட்ஸ்அப்பும் இருக்கட்டும். ஆனால் ஆபீசில் இருப்பவர் பகல் முழுக்க மெயிலைத் திறந்துதான் வைத்திருக்கிறார், வேலை செய்கிற மாதிரி தெரிவதற்காவது. தவிர, ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எத்தனை பேர் சேர்த்தாலும் இடம் அவர்களுடையது. விதியை மாற்றினால் நாம் தெருவில். மெயில் பட்டியல் நம் சொத்து. அனுப்புகிற சர்வீஸ் பிடிக்காவிட்டால் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போகலாம்.

ஒரு லட்சம் பேருக்கு அனுப்பி ஒருத்தரும் வாங்காவிட்டால் ரெண்டாயிரம்தானே நஷ்டம் என்று நினைப்பீர்கள். இல்லை. ஜிமெயிலும் யாஹுவும் 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்குக் கடுமையான விதி வைத்திருக்கிறார்கள். வந்த மெயிலை 'ஸ்பாம்' என்று அமுக்குகிறவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேரைத் தொட்டால் உங்கள் பெயருக்குக் கரும்புள்ளி. ஜிமெயிலுக்கு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்பினால் மூன்று அத்தாட்சியும் கேட்கிறார்கள். எஸ்.பி.எஃப். என்பது உங்கள் பெயரில் அனுப்ப எந்தெந்த மெஷினுக்கு அதிகாரம் என்கிற பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது கவர் மேல் அரக்கு முத்திரை. டிமார்க், இவை பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்று நீங்களே எழுதிக் கொடுக்கிற உத்தரவு. இதெல்லாம் நம் ஆளுக்கு ஒரு மத்தியான வேலை, 340 பேருக்கு அனுப்பினாலும் செய்துவைப்பது நல்லது. ஆனால் கரும்புள்ளியைத் துடைப்பது அப்படி இல்லை. அது விழுந்துவிட்டால், ஒழுங்காகப் பணம் கட்டிய வாடிக்கையாளருக்கு அனுப்புகிற பில்லும் குப்பைத் தொட்டிக்குப் போகும். எண்ணெய் வரவில்லை, பில்லும் வரவில்லை என்று அவர் போனில் கத்துவார்.

சட்டமும் இருக்கிறது. 2023-ல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத்தான் அஸ்திவாரமாக வைத்திருக்கிறது. அந்த எக்ஸெல் ஃபைலில் இருப்பவர்களில் ஒருத்தராவது காங்கேயத்துக்குச் சம்மதம் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏன், அந்த 340 பேரும் பில்லுக்காகத்தான் முகவரி கொடுத்தார்கள், கடிதத்துக்காக இல்லை. எனவே முதல் மெயில் ஒன்றையும் விற்கக் கூடாது. மாதத்துக்கு ஒன்று எழுதலாமா, ஆமென்றால் இதைத் தட்டுங்கள் என்று கேட்க வேண்டும். தட்டாதவர்களை விட்டுவிட வேண்டும். இதற்கு 'பெர்மிஷன் மார்க்கெட்டிங்' என்று பெயர் வைத்து சேத் கோடின் 1999-ல் புத்தகமே போட்டார். பக்கத்து வீட்டுக்குள் நுழையுமுன் "உள்ளே வரலாமா?" என்று கேட்பதற்கு ஒரு புத்தகம் தேவைப்படுகிற காலம். வேண்டாம் என்கிறவருக்கு வெளியே போகும் வழியைப் பொடி எழுத்தில் ஒளிக்காமல் பளிச்சென்று காட்டவும். வழி தெரியாவிட்டால் அவர் ஸ்பாம் பட்டனைத்தான் அமுக்குவார்.

சரி, என்ன எழுதுவது? இளைஞர் ஏற்கெனவே ஒரு நகல் வைத்திருந்தார். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, பாரம்பரியமும் தரமும் சங்கமிக்கும் எங்கள்...' என்று போயிற்று. சங்கமிக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

2012 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஒபாமாவின் ஆட்கள் இந்த விஷயத்தில் கரைகண்டவர்கள். இணையம் வழியாக அவர்கள் திரட்டிய 69 கோடி டாலரில் பெரும்பகுதி மெயிலால் வந்தது. ஒரு மெயிலுக்குப் பதினெட்டு விதமான நகல்கள் எழுதிச் சின்னச் சின்னக் குழுக்களுக்கு அனுப்பிப் பார்ப்பார்கள், ஜெயித்ததை எல்லாருக்கும். ஜூன் மாதம் ஒரு மெயில். எதிராளி என்னைவிட அதிகம் செலவழிக்கப் போகிறார் என்று ஜனாதிபதியே அழாத குறையாகச் சொல்கிற தலைப்பு. 26 லட்சம் டாலர் வசூல். மிக மோசமான தலைப்பில் போயிருந்தால் அதில் ஆறில் ஒரு பங்குகூட வந்திருக்காதாம். எது ஜெயிக்கும் என்று எழுதினவர்களே ஊகித்துப் பார்த்து ஓயாமல் தோற்றார்கள். அலங்காரமில்லாத, பழகினவர் தோளைத் தட்டுகிற மாதிரித் தலைப்புகள்தான் ஜெயித்தன. வெறும் 'ஹே' என்பதுகூட.

இதைச் சொன்னதும் இளைஞர் உற்சாகமாகி, தானும் பதினெட்டு விதம் எழுதுவதாகக் கிளம்பினார். முன்னூற்றுச் சொச்சம் பேரை வைத்துக்கொண்டு இந்தச் சோதனை, உப்புப் பார்க்கவே ஒரு பந்தியைக் காலி பண்ணுகிற மாதிரி. எத்தனை பேர் திறந்தார்கள் என்கிற எண்ணிக்கையையும் நம்பாதீர்கள். 2021-ல் ஆப்பிள் தன் மெயிலில் ஓர் ஏற்பாடு செய்தபின், திறக்காததும் திறந்த கணக்கில் வந்துவிடுகிறது. ஆர்டரை மட்டும் எண்ணினால் போதும்.

அவரிடம் ஒபாமாவிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: யார் வீட்டில் எப்போது எண்ணெய் தீரும் என்கிற தகவல். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்து லிட்டர் எத்தனை நாள் வரும் என்று கேட்டேன். "அம்பது, அறுபது நாளுங்க" என்றார் மனைவி, யோசிக்காமல். அப்படியானால் நாற்பத்தைந்தாம் நாள் ஒரு வரி: தீர்ந்துபோச்சா, அனுப்பட்டுமா? இருபதாம் நாள் அனுப்பினால் தொந்தரவு, எழுபதாம் நாள் அனுப்பினால் அவர் பக்கத்துக் கடையில் பாக்கெட் வாங்கியிருப்பார்.

தலைப்புக்கு என்ன போடலாம் என்று இவர் முகட்டைப் பார்க்க, அந்தப் பெண் மெதுவாக, "ஆடிப்பட்டக் கடலை வந்திருச்சுன்னு போட்டா ஆகாதுங்களா?" என்றார். பதினெட்டு நகலும் தேவைப்படவில்லை.

போன வாரம் போன் வந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேல் சம்மதம் சொன்னார்களாம். கடலைக் கடிதம் போய் பத்து நாளில் 24 டின். நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். "நகைக்கு வட்டி கட்டியாச்சுங்க சார்."

"நல்ல சேதிதானே, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"முதல்ல வந்த பதில் ஆர்டர் இல்லீங்க."

தாம்பரத்தில் ஒரு ரிடையரான டீச்சரம்மா. போன தடவை வந்த டின்னில் மூடி ஒழுகி, பார்சலில் கால்வாசி எண்ணெய். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தாராம். நீங்களாக எழுதியதால் சொல்கிறேன் என்று விலாவாரியாக எழுதியிருக்கிறார். இவர் வேறு டின் அனுப்பிவிட்டார். அந்த மூடியை வாங்குவதையும் நிறுத்திவிட்டார்.

"அதே மூடி இன்னும் பதினாறு பேருக்குப் போயிருக்குதுங்க."

"அவங்க ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்லலீங்க. ஆர்டரும் குடுக்கலீங்க. நாமளே எழுதிக் கேட்டர்லாம்னு வீட்ல சொல்றா. பதினாறு டின் சும்மா குடுக்கறாப்பல ஆயிருமேன்னு பாக்கறேன்."

கடிதத்தை யார் எழுதுகிறார்கள் என்று கேட்டேன்.

"அவதான் எழுதிட்டு இருக்கறா."