பானையைத் தட்டிப் பார்க்கிறோம், கட்டடத்தை?



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். "இரும்பு ஏத்தின லாரி போனா ஜன்னல் ஆடுது, சுவர்ல விரிசல் விடுது"ன்னு சொல்வாங்க. "அதுக்கும் லாரிக்கும் சம்பந்தமே இல்லை"ன்னு எதிர்ப் பக்கம் பதில் வரும். இரண்டு பக்கமும் கையில் ஓர் எண்கூட இல்லாமல் பேசினால் வழக்கு எப்படித் தீரும்? என் கருத்து இதுதான்: வாதாடுவதை விட்டு அளக்க வேண்டும். அளந்ததை எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

எப்படி அளப்பது? மண்பானை வாங்கும்போது பாட்டிமார் விரலால் தட்டிப் பார்ப்பாங்க. நல்ல பானை கணீர்னு ஒலிக்கும். கீறல் விட்ட பானை 'டொப்'புன்னு காட்டிக் கொடுத்துவிடும். கட்டடம், பாலம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் இப்படி ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. உறுதி குறைந்தால் அதுவும் குறையும். நம் காதுக்குக் கேட்காது. முடுக்கமானி என்னும் சிறிய உணரிக்குத் தெரியும். செல்போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதைச் செய்வதும் இதே வகை உணரிதான்.

இந்த உணரியோடு ஒரு சில்லு, ரேடியோ, பேட்டரி சேர்த்துப் பல இடங்களில் வைத்தால், வயரே இல்லாமல் ஒன்றுக்கொன்று தகவலைக் கடத்தும். தீயணைக்க வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவது மாதிரி! 2006-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோல்டன் கேட் பாலத்தில் 64 கருவிகளை இப்படிப் பொருத்தினார்கள். தகவல் 46 முறை கைமாறிக் கரை சேர்ந்தது.

அமெரிக்கா வரை போவானேன்? நம்ம பாம்பன் பாலம் 1914-ல் திறந்தது. உப்புக்காற்றில் இரும்பு அரித்ததால் சென்னை ஐ.ஐ.டி. அதில் உணரிகளைப் பொருத்திக் கண்காணித்தது. 2022 டிசம்பரில் எச்சரிக்கை வந்ததும் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறக்கும் வரை ராமேசுவரத்துக்கு ரயிலே இல்லை. சிரமம்தான். ஆனால் உயிர் போகவில்லையே! கருவி சொன்னதை ஒருவர் கேட்டார் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

"விரிசல் கண்ணுக்கே தெரியுமே, கருவி எதுக்கு?" என்று சிலர் கேட்கலாம். பெயிண்ட் அடித்தால் விரிசல் மறைந்துவிடும், அதிர்வெண் மறையாது. இன்னொன்றும் உண்டு. ஆடுவதெல்லாம் ஆபத்து இல்லை. விநாடிக்கு 1 மி.மீ.க்கும் குறைந்த அதிர்வையே நம் உடம்பு உணர்ந்துவிடும். சுரங்க வெடிகளுக்கு 1997-ல் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் சாதாரண வீடுகளுக்கு வகுத்த வரம்பே, அதிர்வெண்ணைப் பொறுத்து, விநாடிக்கு 5 முதல் 15 மி.மீ. வரை. ஆக, அளந்தால் ஊர்க்காரருக்கும் நியாயம் கிடைக்கும், வீண்பழி என்றால் தொழிற்சாலைக்கும் நியாயம் கிடைக்கும்.

கருவி வந்தால் பொறியாளர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெயில், மழைக்கேற்ப அதிர்வெண் கொஞ்சம் மாறும். ஒரு வருஷமாவது பதிவு செய்தால்தான் எது இயல்பு, எது கோளாறு என்று பிரிக்க முடியும். அதற்கு விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமே இருக்கிறது. நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை.

2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. உயிர் போன பிறகு வரும் உத்தரவு யாருக்கு?

எனவே என் கோரிக்கை: சிப்காட்டைச் சுற்றியுள்ள பள்ளிகள், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள், மேம்பாலங்களில் முதலில் உணரிகளை வையுங்கள். வாரம் ஒருமுறை அளவை ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடுங்கள். வரம்பு தாண்டினால் யார், எத்தனை நாளில் வந்து பார்ப்பார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கேட்க ஆள் இல்லாவிட்டால் எந்தக் கருவியும் வெறும் பொம்மைதான்.

வருமுன் காப்போம்!

– பதினோராம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு