கோலியாத்துக்கும் லெவியாதனுக்கும் ஒரே முதலாளி

ரொறன்ரோவிலிருந்து உறவினர் வந்து இறங்கிய வீடுகளில் இந்தக் கோடையிலும் எந்தப் பொழுதுபோக்குப் பூங்கா பெரிது என்ற அதே சண்டைதான். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், ஜான் தலோன் வீதிக்குப் பக்கத்தில் நடந்த ஒரு பிறந்தநாள் விருந்தில் கேக் வெட்ட முன்னரே தொடங்கிவிட்டது. “உங்கட லா ரோண்டில என்ன கிடக்கு? பழைய மரமும் பழைய இரும்பும்தானே” என்றார் ஸ்காபரோ மச்சான். “போடாப்பா, வொண்டர்லாண்டில நாள் முழுக்க வரிசையில நிண்டு கால் உளைஞ்சதுதான் மிச்சம்” என்றார் மொன்றியல்காரர். பதினைந்து வயதுப் பிள்ளைகள் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஒருவருக்கு இரத்த அழுத்தம். ரோலர் கோஸ்டரில் கடைசியாக எப்போது ஏறினார் என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும்.

பூங்கா ‘எங்கட’ பூங்காவாம். அதன் உயரம் எங்கள் உயரமாம். அதை யாராவது குறை சொன்னால் ஊரையே குறை சொன்ன மாதிரியாம்.

இதற்குப் பதில் சொல்ல ஒரு திகதி போதும்: 2024 ஜூலை 1. லா ரோண்டை வைத்திருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸும், கனடாஸ் வொண்டர்லாண்டை வைத்திருந்த சீடர் ஃபேரும் அன்று ஒன்றாகின. இரண்டுமே அமெரிக்க நிறுவனங்கள். இணைந்த நிறுவனம் சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற பெயரையே வைத்துக்கொண்டது. தலைமையகம் வட கரோலைனாவின் ஷார்லட் நகரில். மொன்றியல்காரர் லா ரோண்டின் கோலியாத் ரோலர் கோஸ்டருக்காகக் கட்டிய கட்டணமும் ஸ்காபரோக்காரர் வொண்டர்லாண்டின் லெவியாதனுக்காகக் கட்டிய கட்டணமும் ஒரே கல்லாப்பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. இதில் யார் யாரை வென்றார்கள்?

இந்தத் திகதியைச் சொன்னால் ரசிகர்கள் அசைவதில்லை. “முதலாளி யாராயிருந்தால் என்ன, ரைட் எங்கட ரைட்” என்பார்கள். சரி, ரைட்டுக்கே வருவோம். லா ரோண்டின் வம்பீர் (2002), கோலியாத் (2006). வொண்டர்லாண்டின் பெஹிமொத் (2008), லெவியாதன் (2012), யூக்கோன் ஸ்ட்ரைக்கர் (2019). ஐந்தையும் வடிவமைத்தது போலிகர் - மாபியார் என்ற ஒரே சுவிஸ் நிறுவனம். கோலியாத்தின் உயரம் 53 மீட்டர், லெவியாதனின் உயரம் 93 மீட்டர். அந்த 40 மீட்டர் வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை வருடமாகத் தொண்டை கிழிகிறது. வம்பீர் அமெரிக்கப் பூங்காக்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ‘பேட்மேன்’ ரைட்டின் அச்சு அசல் பிரதி. 2010இல் லா ரோண்டில் திறந்த எட்னோர் ரைட்டின் கதை இன்னும் விசேஷம். அது ஹூஸ்டனில் 2005இல் மூடப்பட்ட அஸ்ட்ரோவேர்ல்ட் பூங்காவில் ஓடியது. கழற்றி, சில வருடம் களஞ்சியத்தில் போட்டு, பிறகு இங்கே கொண்டுவந்து பூட்டினார்கள். ‘எங்கட எட்னோர்’ டெக்சாஸ்காரர் பாவித்துவிட்டு விட்ட சாமான்.

மண்ணின் சொத்து என்று மார்தட்ட லா ரோண்டில் ஏதாவது இருக்கிறதென்றால் 1985இல் எழுந்த மர ரோலர் கோஸ்டர் லு மொன்ஸ்ட்ரைச் சொல்லலாம். சுமார் 40 மீட்டர் உயரம், இரண்டு தடங்கள், ஏறியவர்களின் முதுகெலும்பை எண்ணிப் பார்க்கும் குலுக்கல். அது கட்டப்பட்டபோது பூங்கா மொன்றியல் மாநகரத்தின் கையில் இருந்தது. 1967 உலகக் கண்காட்சிக்காக செயின்ட் ஹெலன் தீவில் திறந்த பூங்காவை, 2001இல் மாநகரமே சிக்ஸ் ஃபிளாக்ஸுக்கு விற்றது. தீவின் நிலம் மட்டும் மாநகரத்திடம் தங்கியது; நிறுவனத்துக்கு அது குத்தகைக்குப் போனது. அந்தக் குத்தகையால் ஊருக்கு என்ன வருகிறது என்று எந்த ரசிகராவது ஒரு தடவை கேட்டிருப்பாரா? கோலியாத்தின் வேகத்தைக் கேளுங்கள், நித்திரையில் எழுப்பினாலும் மணிக்கு 110 கிலோமீட்டர் என்பார்.

வொண்டர்லாண்ட் பக்தர்கள் சிரிக்க அவசரப்பட வேண்டாம். கனடாவின் பெயரைத் தாங்கிய அந்தப் பூங்காவை 1981இல் திறந்தது அமெரிக்காவின் டாஃப்ட் நிறுவனம். 1993இல் பாரமவுண்ட், 2006இல் சீடர் ஃபேர், 2024 ஜூலை 1இல் சிக்ஸ் ஃபிளாக்ஸ். இத்தனை கைமாறியதில் எந்தக் கையும் ரசிகரின் சம்மதம் கேட்கவில்லை. முதலாளிதான் ஊர்ப்பெருமை என்றால் மொன்றியல்காரர் ஒர்லாண்டோவையே உரிமை கோரலாம். மொன்றியலின் சீகிராம் மதுபான நிறுவனம் 1995இல் யூனிவர்சலை வாங்கியது; ஒர்லாண்டோவின் இரண்டாவது யூனிவர்சல் பூங்கா 1999இல் திறந்தபோது அதுவும் ஒரு முதலாளி. விருந்துகளில் யாரும் இதைச் சொல்லி மீசை முறுக்கக் காணோம்.

தமிழருக்கு இந்த வியாதி புதிதல்ல. ரஜினி, கமல் ரசிகர்கள் சுவரொட்டியில் சாணி அடித்துக்கொண்ட காலத்தில் முரட்டுக்காளையை (1980) எடுத்ததும் ஏவி.எம்.தான், சகலகலா வல்லவனை (1982) எடுத்ததும் ஏவி.எம்.தான். இரண்டுக்கும் இயக்குநர் எஸ்.பி. முத்துராமன். இரண்டு கொட்டகையிலும் விசில் அடித்த கூட்டம் ஒரே கம்பெனிக்குத்தான் காசு கொடுத்தது.

விசுவாசத்துக்குப் பூங்கா தரும் கைம்மாறு என்ன? மேரிலாந்தில் இருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் அமெரிக்கா பூங்காவை அதே நிறுவனம் 2025 மே மாதம் அறிவித்து, நவம்பர் 2உடன் மூடிவிட்டது. அங்கேயும் ‘எங்கட பூங்கா’ என்று பனியன் போட்டுத் திரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். இங்கேயோ நுழைவுச் சீட்டு வாங்கிய பிறகு வாகனம் நிறுத்தத் தனிக் காசு, வரிசையைத் தாண்டிப் போகத் தனிக் காசு. காசு உள்ளவர் முன்னுக்கு, இல்லாதவர் வெயிலில். இந்த ஏற்பாட்டைப் பற்றி இரு கட்சியிலும் ஒரு முணுமுணுப்பும் இல்லை. எதிர்க்கட்சிப் பூங்காவின் கழிப்பறை அழுக்கைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசலாம்.

ஜூலை 1 கியூபெக்கில் இன்னொன்றுக்கும் பேர்போனது. வீடு மாறும் நாள். 2024இல் அந்தத் திங்கட்கிழமை, எங்கோ இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகிக்கொண்டிருந்தபோது, பார்க் எக்ஸ்டென்ஷனின் வெளிப்படிக்கட்டுகளில் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும் இறங்கிக்கொண்டிருந்தன. 2019இல் பக்கத்தில் மொன்றியல் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் திறந்ததிலிருந்து இந்தச் சுற்றாடலில் வாடகை பற்றிய பேச்சு ஓயவில்லை. அகாடி பெருந்தெருவின் மறுபக்கத்தில் உள்ள பணக்கார நகரம் 1960இல் தன் எல்லையில் ஒரு கம்பி வேலி போட்டது. லெவியாதனின் உயரத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள் அந்த வேலி ஏன் வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் முழிக்கிறார்கள்.

ஜூன் முடிவில் ஒப்பந்தம் முடிகிற வீடுகளுக்கு ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வீட்டுக்காரரின் கடிதம் வரும். ஒரு மாதத்துக்குள் மறுத்துப் பதில் எழுதாவிட்டால், கூட்டிய வாடகைக்கு ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. வொண்டர்லாண்ட்காரன் அனுப்பிய நக்கலுக்கு ஒரு நிமிடத்தில் பதில் அடிக்கிற விரல்கள், அந்த ஒரு மாதம் முழுக்க ஒரு வரி எழுதுவதில்லை.