வேலையும் வெளிச்சமும் வாழிடமும்

திருவள்ளுவனார் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான்சிறப்பினை வைத்தமை காரணமின்றி அன்று. மழைக்கு வாழ்விக்கும் ஆற்றலும் உண்டு. வாட்டும் ஆற்றலும் உண்டு. மலைநாட்டிலே வாழும் நமக்கு இவ்வுண்மையை விளக்க உரையாசிரியர் எவரும் வேண்டுவதில்லை.

இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, இலக்கியப் பொருளொன்றையே எழுதக் கருதியிருந்தேன். அன்றிரவு கடுமழை பெய்தது. அடுத்த இரு நாளும் என் வகுப்பு மாணவன் ஒருவன் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவனை வினவினேன். "லயனுக்குப் பின்னால் மண் இளகிவிட்டது, சேர். கரண்டும் இல்லை. கோயில் மண்டபத்தில்தான் படுத்தோம்" என்றான். தந்தையார் எங்கே என்றேன். கொழும்பில் ஒரு கடையிலே வேலை செய்கிறார் என்றான். தோட்டத்துச் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லையாம்.

அச்சிறுவனுடைய வீட்டிலே வேலை, வெளிச்சம், வாழிடம் என்னும் மூன்றும் ஒருங்கே கேள்விக்கு உள்ளாயின. ஆனால் மேடைகளிலோ இவை தனித்தனியே பேசப்படுகின்றன. ஒருவர் வேலைவாய்ப்புத் தருவேன் என்பர்; ஒருவர் மின்சாரம் பெருக்குவேன் என்பர்; ஒருவர் இயற்கையைக் காப்பேன் என்பர். மூன்றையும் சேர்த்துப் பேசாத பிரதிநிதியின் சொல்லை நாம் முழுமையாக ஏற்றல் ஆகாது என்பதே என் கருத்து.

இந்நாட்டில் வேலையையும் மின்வலுவையும் இணைத்து நோக்கிய முன்னோடி டி. ஜே. விமலசுரேந்திர ஆவார். பொதுவேலைப் பகுதியிலே பொறியியலாளராயிருந்த அவர், மஸ்கெலி ஓயா, கெசல்கமுவ ஓயா என்பவற்றின் வீழ்ச்சிகளிலிருந்து மின்வலு பெறலாம் என்பதையும், அதனால் நாட்டின் பொருளாதாரம் உயரும் என்பதையும் 1918ஆம் ஆண்டிலே பொறியியலாளர் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். அவர் கூற்று எளிதில் நிறைவேறவில்லை. ஓய்வு பெற்றபின் 1931இல் இரத்தினபுரியின் பிரதிநிதியாய் அரசாங்க சபையிற் புகுந்து அங்கும் அத்திட்டத்திற்காக வாதாடினார். இடையூறுகள் பலவற்றைக் கடந்து 1950இல் லக்சபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. 1953இல் அவர் மறைந்தார். தாம் கண்ட கனவு நனவானதைக் கண்ணாரக் கண்டு மறைந்த பேறு அவர்க்கு வாய்த்தது.

அப்பெரியாரைப் போற்றுகின்ற வேளையில் மற்றொன்றையும் மறத்தலாகாது. லக்சபான விளக்கேற்றிய அக்காலத்தில், அதைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் உழைத்த நம்மவருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் இழந்தனர். தலைக்குமேல் மின்கம்பி சென்றது. எங்களுக்கும் விளக்கு வேண்டும் என்று கேட்க அவர்க்குப் பிரதிநிதி இல்லை. யான் சிறுவனாய்ப் படித்ததும் லயன் அறையிலே குப்பி விளக்கின் ஒளியில்தான். கம்பி எங்கள் மலையைத் தாண்டிச் சென்றது. எங்கள் வாசலுக்கு வரவில்லை.

நம் மாத்தளைக்கும் இதிற் பங்குண்டு. பொல்கொல்லையிலே தடுக்கப்பட்ட மகாவலி நீர், ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமான சுரங்கவழியே மலையைக் குடைந்து உக்குவளைக்கு வந்து, 1976 முதல் மின்வலு தந்து, பின் சுதுகங்கையிற் கலக்கின்றது. அந்நீர் வடக்கே உள்ள வயல்களை வளம்படுத்துகின்றது. 2018இல் நிறைவுற்ற மொரகஹகந்தத் திட்டம் 25 மெகாவாட் மின்வலு தருவது. அதனோடு இணைந்த களுகங்கைத் திட்டத்தின் பொருட்டுப் பழைய லக்கலை நகரம் நீருள் மறைய, மக்கள் புதிய நகரில் குடியேறினர். எங்கோ ஒரு விளக்கு எரிய, வேறெங்கோ ஒருவர் தம் முற்றத்தை விட்டு எழுந்தனர் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆகவே அணையும் சுரங்கமும் வேண்டா என்பேனல்லேன். கேளாது கட்டுதல் வேறு. கேட்டுக் கட்டுதல் வேறு. ஊவாவிலே உமாஓயாச் சுரங்கம் தோண்டப்பட்டபொழுது நிலத்தடி நீர் சுரங்கத்துட் பாய்ந்தமையால், பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 120 மெகாவாட் திறனுடைய அத்திட்டம் 2024இல் திறந்துவைக்கப்பட்டது. எனினும் வற்றிய கிணற்றை நோக்கி நின்றவரின் துயரை எந்தத் திறப்புவிழா ஆற்றும்? மேல்கொத்மலையிலோ, மலையகப் பிரதிநிதிகளும் இயற்கை ஆர்வலரும் நெடுங்காலம் எதிர்த்து வினவினர். அதன் பயனாக முதல் வரைவு சுருக்கப்பட்டது. சென்கிளயர் நீர்வீழ்ச்சிக்குப் பகற்பொழுதில் நீர்விடுதல் நிபந்தனையாயிற்று. தலவாக்கலையில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் புதிய வீடுகள் கிடைத்தன. 2012இல் 150 மெகாவாட் மின்னும் வந்தது. வினவியதனால் விளக்கு அணைந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

"இவ்வாறு வினவிக்கொண்டிருப்பின் வேலைவாய்ப்பு வருவது எங்ஙனம்?" என்பர் சிலர். அக்கேள்வி புறக்கணிக்கத்தக்கதன்று. பசித்தவனிடம் காட்டின் அழகைப் பேசுதல் பொருந்தாது. ஆயினும் அணை கட்டும் வேலை சில ஆண்டுகளில் முடிந்துவிடும். மின்னிலையத்தை இயக்கச் சிலரே போதும். நிலைத்த வேலை, அம்மின்னைக் கொண்டு நடைபெறும் தொழில்களிலேயே உளது. அதற்குத் தகுதி பெறுவோர் கணிதமும் விஞ்ஞானமும் கற்றவர். மண் சுமக்க மட்டும் நம் பிள்ளைகள் அழைக்கப்பட்டால், அதனை வேலைவாய்ப்பு என்று கொண்டாடுவதில் யான் உடன்படேன். அளவெடுக்கவும் வரைபடம் வரையவும் மண்ணை ஆராயவும் அவர்கள் அழைக்கப்படல் வேண்டும்.

இன்று நமக்கு வாக்கும் உண்டு, பிரதிநிதிகளும் உளர். வாக்குக் கேட்டு வருவோரிடம் மூன்று கேள்விகளை ஒருங்கே கேட்போமாக: இத்திட்டத்தால் எம் ஊரவர்க்கு நிலைத்த வேலை எத்துணை? அதன் மின் எம் லயனுக்கும் வருமா? அதன் பொருட்டு வெட்டப்படும் சரிவின் கீழ் உறங்குவோர்க்கு யாது காப்பு?

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். உங்களுட் பொறியியலாளரும் மின்வினைஞரும் உளர். மாதம் ஒருமுறையேனும் கல்லூரிக்கு வந்து உயர்தர மாணவர்க்கு உங்கள் தொழிலை விளக்குங்கள். மாணவர்க்கும் ஒன்று சொல்வேன். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் சரிவுப் பகுதியினர் விழிப்பாயிருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவு. கல்லூரி முற்றத்தில் மழைமானி ஒன்றை நிறுவி நாள்தோறும் அளந்து எழுதுங்கள். தமிழ் ஆசிரியனாகிய யானும் அவ்வேட்டைப் பார்வையிட வருவேன். வான்சிறப்பைப் பாடமாய்ப் படித்தவர் வானத்தை அளக்கவும் அறிதல் வேண்டுமன்றோ!

கோயில் மண்டபத்தில் உறங்கிய அம்மாணவன் அன்றைய வீட்டுப்பாடத்தையும் எழுதிக் கொணர்ந்தான். தாள் நனைந்திருந்தது; எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அவன் அச்சமின்றி உறங்கும் வீடும், படிக்கும் விளக்கும், தந்தையார் ஊரிலேயே செய்யத்தக்க வேலையும் ஒருங்கே எய்தும் நாளே நம் கல்லூரிக்கு உண்மையான விழா நாளாகும்.