வாட் என்னும் வாய்ச்சவடால்

செகண்ட் ஹேண்டில் ஒரு ஆல்ட்டோ வாங்கியாச்சு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியாச்சு. வில்லியனூர் மாதா கோயிலுக்கும் திருக்காமீஸ்வரர் கோயிலுக்கும் ஒரு நடை போய் வந்தாச்சு. அடுத்து என்ன? பாட்டுதான்!

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் கார் வாங்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், அல்லது நெல்லும் கரும்பும் போடும் வீட்டுப் பிள்ளைகள். மாதத் தவணை போக மிச்சம் பிடித்த பத்துப் பதினைந்தாயிரத்தை எடுத்துக்கொண்டு பாண்டிக்குப் போய், ஏதாவது ஒரு கார் டெக்கரேஷன் கடையில் நிற்கிறார்கள். அங்கே நடக்கும் உரையாடல் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"தம்பி, இது 500 வாட் ஆம்ப்ளி. பக்கத்துல இருக்கே, அது 2000 வாட். ஆயிரத்தஞ்ஞூறு ரூபாதான் வித்தியாசம்."

"அப்ப ரெண்டாயிரத்தையே போட்டுருங்கண்ணே."

முடிந்தது கதை. நாலு மடங்கு சக்தி, ஆயிரத்தைந்நூறு ரூபாய் கூடுதல். யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அந்த 2000 என்பது மிகைப்படுத்தல்கூட இல்லை, பச்சைப் பொய். அதைப் பொய் என்று நிரூபிக்க என்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு இயற்பியலும் ஒரு பெருக்கல் கணக்கும் போதும்.

அந்த ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி, பின்பக்கம் செருகியிருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்று இருக்கிறதா? என்ஜின் ஓடும்போது கார் கொடுக்கும் மின்னழுத்தம் அதிகபட்சம் 14.4 வோல்ட். 30 x 14.4 = 432 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான்! ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் அதில் சுமார் 60 சதவீதத்தைத்தான் பாட்டாக மாற்றும், மீதி சூடாகப் போய்விடும். ஆக, நிஜமாக வெளியே வருவது 260 வாட் சொச்சம். டி வகையாக இருந்து 80 சதவீதம் தேறினாலும் 350ஐத் தாண்டாது. ஃப்யூஸ் ஒரு கண்சிமிட்டும் நேரம் கூடுதலாகத் தாங்கும் என்று வைத்துக்கொண்டாலும் 2000 எங்கிருந்து வரும்? உள்ளே 432 போட்டு வெளியே 2000 எடுக்கும் கருவி ஒன்று இருந்தால், அதை காரில் மாட்டக்கூடாது, மின்துறைக்குக் கொடுத்துவிட வேண்டும் :-)

சரி, ஆம்ப்ளிஃபயர்தான் இப்படி. டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ யோக்கியமா? அதன் முகத்திலேயே '50 வாட் x 4' என்று எழுதியிருக்கும். இந்த 50 எப்படி வந்தது என்பது சுவாரசியமான சமாச்சாரம். 14.4 வோல்ட்டை 4 ஓம் ஸ்பீக்கருக்கு அப்படியே முழுசாகத் திறந்துவிட்டால் 14.4 x 14.4 / 4 = 51.8 வாட். அதாவது பாட்டின் அலை முழுக்கச் சிதைந்து, மேலும் கீழும் கத்தரித்துச் சதுரமாகிப்போன நிலையில் வரும் சக்தி இது. அதை யாரும் பாட்டு என்று சொல்லமாட்டார்கள். ஒழுங்கான அலைக்கு அந்த மின்னழுத்தத்தை 1.414 ஆல் வகுக்க வேண்டும், 10.2 வோல்ட் வரும். அதன்படி கணக்குப் போட்டால் கொள்கையளவில் உச்சம் 26 வாட். உள்ளே ஏற்படும் இழப்புகள் போக நடைமுறையில் கிடைப்பது 20 வாட்டை ஒட்டித்தான்.

இந்த மோசடி புதிதும் அல்ல. முந்தைய தலைமுறை வாங்கிய டூ-இன்-ஒன்களை நினைத்துப் பாருங்கள். ஆறு பேட்டரிக்கட்டையில் ஓடும் பெட்டி, மேலே பளபள ஸ்டிக்கரில் '1000 வாட் பி.எம்.பி.ஓ.'! அந்த நான்கெழுத்துக்கு எந்தத் தர நிர்ணயமும் கிடையாது. தயாரிப்பவர் மனசுக்குத் தோன்றிய எண்தான் பி.எம்.பி.ஓ. அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்துதான், 1974இல் அவர்களுடைய மத்திய வர்த்தக ஆணையம் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு விதி போட்டது: தொடர்ந்து எவ்வளவு வாட், எத்தனை ஓமில், எவ்வளவு சிதைவோடு என்று சொல்லித்தான் விளம்பரம் செய்யவேண்டும். கார் சமாச்சாரம் அதில் விட்டுப்போனது. 2003இல்தான் அங்குள்ள மின்னணுத் தயாரிப்பாளர் சங்கம் கார் ஆம்ப்ளிஃபயருக்கு சி.இ.ஏ.-2006 என்ற தரத்தைக் கொண்டுவந்தது: 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு கூடாது. ஆனால் இது விரும்பினால் பின்பற்றலாம் என்கிற ரகம். விரும்பாதவர்கள் 2000, 4000 என்று அச்சடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இப்போது அடுத்த கேள்வி. பேச்சுக்கு அந்த 2000 வாட் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். 500 வாட்டைவிட நாலு மடங்கு சத்தமாகக் கேட்குமா?

கேட்காது. பி.காம். முதல் வருடத்திலேயே குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று ஒரு பாடம் வரும். முதல் இட்லி தரும் திருப்தியை ஐந்தாவது இட்லி தராது. காதும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான், இன்னும் கறாராக. சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். "கொஞ்சம் கூடியிருக்கோ?" என்று கேட்கும் அளவு. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் கூடவேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். நாலு மடங்கு வாட் கொடுப்பது வெறும் 6 டெசிபல்.

அந்த 6 டெசிபலை வேறு வழியில் வாங்கமுடியாதா என்றால், முடியும். அதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில் சின்ன எழுத்தில் சென்சிடிவிட்டி என்று ஒன்று இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற கணக்கு. ஒரு ஸ்பீக்கரில் 87 இருக்கும், இன்னொன்றில் 93 இருக்கும். 93 உள்ளது 20 வாட்டில் செய்யும் வேலையை 87 உள்ளது செய்ய 80 வாட் வேண்டும். (இதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் என்று போட்டிருந்தால், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 2 வாட். ஆகவே 3 டெசிபலைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

இதை நம்பமுடியாதவர்கள் ஆடி மாதம் எந்தக் கிராமத்திலாவது கூழ் ஊற்றும் அன்று போய்ப் பார்க்கலாம். புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஒன்று விடிகாலையிலேயே அம்மன் பாட்டை ஆரம்பிக்கும். அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் 30, 40 வாட் யூனிட்தான்! 2000 வாட் கார் ஒன்றும் அதன் பக்கத்தில் நிற்கமுடியாது. காரணம் வாட் அல்ல, குழாயின் வடிவம். 1 வாட்டுக்கே 105 டெசிபல், அதற்கும் மேல் கொடுக்கிற சாதனம் அது. மைக்செட்காரர் யாரும் வாட்டைப் பற்றிப் பெருமையடிப்பதில்லை. "எத்தனை குழாய் கட்டணும்?" என்றுதான் கேட்பார். தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது.

அப்படியென்றால் காருக்கு எவ்வளவுதான் தேவை? கணக்குப் போட்டே பார்க்கலாம். 90 டெசிபல் ஸ்பீக்கரில், 85 டெசிபலில் நிதானமாகப் பாட்டுக் கேட்க 0.3 வாட் போதும். ஆம், அரை வாட்கூட வேண்டாம். தவில் அடி, டிரம் அடி போன்ற இடங்களில் ஒலி சட்டென்று 15 டெசிபல் எகிறும். அதற்கு 10 வாட். கண்ணாடியை இறக்கிவிட்டு விழுப்புரம் ரோட்டில் போகும்போது இரைச்சலை மீறிக் கேட்க இன்னொரு 6 டெசிபல் வேண்டும்; 40 வாட் ஆகிவிட்டது. ஸ்டீரியோவின் 20 வாட் ஏன் கடைசியில் கரகரக்கிறது என்பதும் இதிலேயே விளங்கிவிடும். ஒரு ஸ்பீக்கருக்கு 50 வாட் ஆர்.எம்.எஸ்., நேர்மையான 50 வாட். சின்னக் காருக்கு இதற்கு மேல் தேவையில்லை.

பேஸ் மட்டும் விதிவிலக்கு. தாழ்ந்த ஒலிக்கு நிஜமாகவே கூடுதல் சக்தி வேண்டும். ஆனால் மூடிய சின்ன கேபினே தாழ்ந்த ஒலியைத் தூக்கிக் கொடுக்கும் என்பதால் ஆல்ட்டோ, வேகன்ஆர் அளவுள்ள வண்டிக்கு ஒரு வூஃபருக்கு 100 முதல் 150 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம்.

உடனே சில அண்ணன்கள் கிளம்பி வருவார்கள். "வாட் கம்மியா இருந்தா ஸ்பீக்கர் எரிஞ்சிடும் தம்பி!" பாதி உண்மை, முழுப் பொய்யைவிட ஆபத்தானது. குறைந்த சக்தி எந்த ஸ்பீக்கரையும் எரித்ததில்லை. சின்ன ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் திருகி, அலை கத்தரிபட்டு, அந்தச் சிதைந்த ஒலியை மணிக்கணக்கில் ஓட்டினால் ட்வீட்டர் போகும். குற்றவாளி வாட் அல்ல, வால்யூமைத் திருகும் விரல். "பெரிய ஆம்ப்ளின்னா அலட்டிக்காம பாடும்" என்பது இன்னொரு வாதம். இது சரியான வாதம்தான், ஆனால் உண்மையான வாட்டுக்கு மட்டும். 260 வாட்டை 2000 என்று விற்கும் பெட்டிக்கு இந்த வாதத்தில் இடமே இல்லை.

பதினைந்தாயிரம் பட்ஜெட் என்றால் அதை எப்படிப் பிரிக்கலாம்? ஏறக்குறைய பாதி, சென்சிடிவிட்டி நல்லதாக உள்ள முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு. மூன்றில் ஒரு பங்கு, ஆர்.எம்.எஸ். சொல்லி விற்கும் நாலு சேனல் ஆம்ப்ளிஃபயருக்கு. மீதி வயருக்கும் கதவுக்கும். கதவுக்கா என்று சிரிக்கவேண்டாம். கதவின் உள்தகட்டில் இருக்கும் ஓட்டைகள் வழியாக ஸ்பீக்கரின் பின்பக்க ஒலி வெளியே வந்து முன்பக்க ஒலியோடு மோதி, பேஸைத் தின்றுவிடும். அந்த ஓட்டைகளை அடைத்து டேம்பிங் ஷீட் ஒட்டினால் வரும் மாற்றத்தை எந்த ஆயிரம் வாட்டும் கொடுக்காது. பின்கதவு ஸ்பீக்கரும் வூஃபரும் அடுத்த போனஸுக்குக் காத்திருக்கட்டும்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மலிவு கிட்டில் வருவது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதே கனமுள்ள செம்போடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்குதான் மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஒரு ஃப்யூஸ் போடச் சொல்லிக் கேளுங்கள். அது இல்லாமல் வயர் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால், தவணை முடியாத கார் தீப்பிடித்து எரியும்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். காது போனால்? 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 91 என்றால் 2 மணி நேரம். 100 என்றால் வெறும் 15 நிமிடம்! வில்லியனூரிலிருந்து பாண்டி போவதற்குள் அன்றைய கணக்கு முடிந்துவிடும். உள்காதில் செத்துப்போன நுண்மயிர் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. ஏற்கனவே கம்பெனியில் மெஷின் சத்தத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் பையனுக்கு, வீடு திரும்பும் வழியிலும் 2000 வாட் விற்பது என்ன வகை வியாபாரம்?

தெருவில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் எல்லை பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. தேரோடும் வீதியில் ஒரு நாள் சத்தம் ஊருக்கே சொந்தம். தினமும் ராத்திரி பதினோரு மணிக்குத் தெருமுனையில் டிக்கியைத் திறந்துவைத்து அதிரவிடும் சத்தம், தூங்கமுடியாத பாட்டிக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணுக்கும் எதிரான சத்தம்.

பி.காம். பாடத்தில் 'வாங்குபவரே எச்சரிக்கை' என்ற பழைய கொள்கையைப் படிக்கிறார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பெட்டியில் ஒட்டிய லேபிளையும் விளம்பரம் என்றே வரையறுக்கிறது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். 1915 என்ற எண்ணுக்கு எவரும் போன் செய்து புகார் சொல்லலாம். கடலை எண்ணெய் லிட்டருக்கு 100 மில்லி குறைந்தால் சண்டைக்குப் போகும் ஊர்தானே இது? 2000க்கு 260 அளந்து கொடுப்பவனிடம் மட்டும் ஏன் "தேங்க்ஸ்ணே" சொல்லிவிட்டு வரவேண்டும்?

அடுத்த முறை யாராவது கடையில் "2000 வாட் தம்பி" என்றால் மூன்றே கேள்வி கேளுங்கள். ஆர்.எம்.எஸ். எவ்வளவுண்ணே? எத்தனை ஓம்ல? ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர்? மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்பவரிடம் தைரியமாக வாங்கலாம். சிரித்து மழுப்பினால், பணத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள்.