ஒரு நாள் தவணை தவறினால் தெரிகிறது, ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்றால்?

நகைக் கடன் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு. கடன் எதற்காக? முக்கால்வாசிப் பேர் 'வீட்டுச் செலவு'ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. நாமும் அதுக்கு மேல தோண்டுறதில்லை.

தாராவி பிராஞ்சுக்கு மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அங்கே இட்லி அவித்து விற்கிற ஒரு அக்கா எனக்குப் பழக்கம். ஊர் திருநெல்வேலிப் பக்கம், என் பேச்சைக் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டார். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு பற்ற வைப்பார்கள், மகன் சைக்கிளில் கொண்டு போய் விற்பான். போன மாதம் நாலு வளையலோடு வந்து உட்கார்ந்தார்.

"எதுக்குக்கா?"

"பேரனுக்குக் காதுல மாட்டுற மெசின் வாங்கணும்யா."

"என்ன வயசு?"

"வார கார்த்திகைக்கு நாலு முடியுது."

"இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசுனான். அதான் நாங்க சும்மா இருந்துட்டோம்."

கொஞ்ச நேரம் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "மருமவளத்தான் நெறைய பேசிட்டேன்யா. கிரகணத்துல வெளிய போனா, சொன்னா கேக்கலைன்னு. இப்ப டாக்டரு இது பொறக்கும்போதே இருந்திருக்குங்காரு" என்றார்.

அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. குழந்தை பிறந்தது ஆஸ்பத்திரியில். பிசிஜி போட்டார்கள், போலியோ சொட்டு மருந்து ஊற்றினார்கள், மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டார்கள். எடை பார்த்தார்கள், பிறப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். அட்டையில் முத்திரைக்குப் பஞ்சமே இல்லை. காதைச் சோதித்ததற்கு மட்டும் ஒரு முத்திரையும் இல்லை. (எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். நாட்டில் பெரும்பாலான இடத்தில் இதுதான் கதை.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும், ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போகும் முன் காது கேட்கும் சோதனை கட்டாயமாக்கப்பட வேண்டும். வசதி இருந்தால் பார்க்கலாம், டாக்டர் சொன்னால் பார்க்கலாம் என்பதெல்லாம் போதாது. போலியோ சொட்டு மாதிரி, எல்லாருக்கும்.

இதென்ன பெரிய ஆராய்ச்சிக்கூட சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்கு: 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் ஒரு விஷயம் கண்டுபிடித்தார். நல்ல காதுக்குள் ஒரு சத்தத்தை அனுப்பினால், உள்காதின் நுண்ணிய முடிச் செல்கள் பதிலுக்கு ஒரு மெல்லிய சத்தத்தைத் திருப்பி அனுப்பும். அதைப் பிடிக்கிற கருவிக்கு ஓஏஈ என்று பெயர். தூங்குகிற குழந்தையின் காதில் சின்ன ரப்பர் முனையை வைத்தால் சில நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஊசி இல்லை, வலி இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு இது மட்டும் போதாது. காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பையும் சோதிக்கும் ஏபிஆர் பார்க்க வேண்டும்.

பிறவியிலேயே நிரந்தரமாகக் கேட்கும் திறன் குறைந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை என்பது பொதுவான கணக்கு. நம் நாட்டில் வருஷத்துக்கு இரண்டு கோடிக்கு மேல் பிரசவம். ஆயிரத்துக்கு ஒன்று என்றே வைத்தாலும் வருஷத்துக்கு இருபதாயிரம் குழந்தைகளுக்கு மேல். 2011 மக்கள்தொகைக் கணக்கில் செவித்திறன் குறைந்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அதில் வயதான பிறகு வந்தவர்களும் உண்டு. ஆனால் தொட்டிலிலேயே கண்டுபிடித்திருக்கக்கூடியவர்களும் அதில்தான் இருக்கிறார்கள்.

ஏன் அவ்வளவு அவசரம்? வங்கிக்காரன் பாஷையிலேயே சொல்கிறேன். ஒருவர் தவணை கட்டவில்லை என்றால் ஒரே நாளில் எங்கள் சிஸ்டம் அவரை 'எஸ்.எம்.ஏ. ஜீரோ' என்று குறித்துவிடும். 30 நாள் தாண்டினால் ஒன்று, 60 தாண்டினால் இரண்டு, 90 தாண்டினால் வாராக் கடன். இது ரிசர்வ் வங்கி விதி. ஏன் இந்த அக்கறை? நாள் ஆக ஆக மீட்பது கஷ்டம் என்பதால்.

குழந்தையின் காதுக்கும் இதே மாதிரி ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 1-3-6 என்று சொல்வார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குவது. அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆய்வு 1998-ல் வெளியானது. ஆறு மாதத்துக்கு முன் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சி, அதற்குப் பின் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தது. காரணம் சிக்கலானதல்ல. மூளை மொழியைக் கற்றுக்கொள்ள முதல் சில வருஷங்களைத்தான் வைத்திருக்கிறது. அந்த வருஷங்களில் காதில் எதுவும் விழவில்லை என்றால், பிறகு எவ்வளவு நல்ல கருவி மாட்டினாலும் பாதை கரடுமுரடுதான்.

அக்காவின் மகன் இரண்டாயிரம் ரூபாய் தவணையை ஒரு நாள் தவறவிட்டால் நாட்டின் வங்கி அமைப்புக்கே தெரியும். அவன் மகனுக்குக் காது கேட்கவில்லை என்பது மூன்றரை வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. இதை என்னவென்று சொல்வது?

திட்டமே இல்லையா? அதுதான் வேடிக்கை. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. தேசிய காது கேளாமை தடுப்புத் திட்டம் 2006-07-ல் 25 மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. 2013 பிப்ரவரியில் குழந்தைகளுக்கான ஆர்.பி.எஸ்.கே. திட்டம் தொடங்கப்பட்டதே நம்ம பால்கரில். மும்பையிலிருந்து லோக்கல் ரயிலில் போகிற தூரம். அதில் சோதிக்க வேண்டிய குறைபாடுகள் பட்டியலில் பிறவிக் காது கேளாமையும் உண்டு. ஆனால் பட்டியலில் இருப்பதும், பிரசவ வார்டில் கருவியோடு ஒரு ஆள் வந்து நிற்பதும் ஒன்றல்ல. கருவி இல்லாத இடத்தில் சில கேள்விகள் கேட்பது, சத்தம் எழுப்பிப் பார்ப்பது என்பதோடு முடிகிறது. கை தட்டினால் சில குழந்தைகள் காற்றசைவுக்கும் நிழலுக்குமே திரும்பும். தாராவியில் தட்டு விழுந்தால் தரையே அதிரும், அதற்கும் திரும்பும். 'பார்த்தியா, நல்லாத்தானே கேக்குது'ன்னு நாமும் விட்டுவிடுவோம்.

எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறார்கள் என்றும் பார்ப்போம்.

ஒன்று, "பணம் எங்கே?" ஒரு ஓஏஈ கருவி சில லட்சம். ஒரு சின்னக் காருக்கு நாங்கள் கொடுக்கிற லோன் அளவு. ஆஸ்பத்திரிக்கு ஒன்று வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. 2003-லேயே கொச்சியில் குழந்தை மருத்துவர்கள் ஒரு வழி காட்டினார்கள். பயிற்சி பெற்ற ஆள் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு பல ஆஸ்பத்திரிகளுக்கு முறை வைத்துப் போவார். ஒரே கருவி, பல வார்டு. இட்லிக்காரர் ஒரு சைக்கிளில் பத்துத் தெரு சுற்றுவதில்லையா, அதே கணக்கு. பணக்கார நாட்டுக்குத்தான் இது சரிப்படும் என்றால், பிலிப்பைன்ஸ் 2009-ல் இதற்காகவே சட்டம் போட்டது. போலந்தில் 2002-ல் நன்கொடை திரட்டி வாங்கிய கருவிகளை வைத்தே நாடு முழுக்கத் தொடங்கினார்கள்.

இரண்டு, "ஆபத்து இருக்கிற குழந்தைகளை மட்டும் பார்த்தால் போதாதா?" போதாது. காது கேளாத குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எந்த முன் அறிகுறியும் இருப்பதில்லை. அதிலும் நம்ம ஆட்களிடம் அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இருவருமே நன்றாகக் கேட்பார்கள். ஆனால் இருவரிடமும் ஒளிந்திருக்கிற ஒரே மரபணு பிள்ளையிடம் சேர்ந்துவிடும். இது யார் குற்றமும் இல்லை. கிரகணத்தின் குற்றமும் இல்லை. சீக்கிரம் தெரிந்தால் குறைந்தபட்சம் மருமகள்கள் திட்டு வாங்காமல் இருப்பார்கள்.

மூன்று, "தவறாக 'பெயில்' காட்டி பெற்றோரைப் பயமுறுத்தும்." உண்மைதான், காட்டும். பிறந்த ஓரிரு நாளில் காதில் மெழுகு மாதிரிப் படலம் அடைத்திருக்கும், அதனால் கருவி ஏமாறும். அதற்குத்தான் மறுசோதனை. ஆறாவது வாரம் தடுப்பூசிக்கு எப்படியும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், அன்றைக்கே பார்த்துவிடலாம். சில வாரப் பயத்தையும் மூன்றரை வருஷ அறியாமையையும் தராசில் வைத்து நீங்களே சொல்லுங்கள்.

நான்கு, கொஞ்சம் வலுவான வாதம். "கண்டுபிடித்து என்ன பண்ண? அதற்கப்புறம் பார்க்க ஆடியாலஜிஸ்டும் பேச்சுப் பயிற்சியாளரும் போதவில்லையே." இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். சோதித்துவிட்டுக் கைவிடுவது பாவம். ஆனால் எத்தனை பேருக்குத் தேவை என்றே எண்ணாத இடத்தில் எந்த அரசு ஆள் போடும்? கணக்கு வந்தால்தான் ஒதுக்கீடு வரும், இது இருபது வருஷமாக நான் பார்க்கிற பட்ஜெட் பாடம். பெயிலான குழந்தையின் பெயர் ஒரு பட்டியலில் ஏற வேண்டும், அடுத்த சோதனைக்கு வரவில்லை என்றால் போன் போக வேண்டும். தவணை வரவில்லை என்றால் நாங்கள் போன் பண்ணுவதில்லையா?

இன்னொன்று. எல்லாரும் மெஷின் மாட்டிப் பேசியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சைகை மொழிதான் எங்கள் வழி என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அதுவும் முழுமையான மொழிதான். அதைக் கற்பதற்கும் இதே முதல் வருஷங்கள்தான் வேண்டும். தாமதத்தில் பிள்ளை இரண்டையும் இழக்கிறது.

தாராவியில் 2024-ல் வீடு வீடாக சர்வே தொடங்கினார்கள். ஒவ்வொரு அறைக்கும் எண் போட்டு, மாடிக்கும் எண் போட்டு, எத்தனை அடி என்று அளந்தார்கள். சுவரை அளக்க ஆளும் கருவியும் சந்துக்குள் வரும் என்றால், அந்தச் சுவருக்குள் தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் காதை அளக்கவும் வர முடியும்.

அக்காவின் விண்ணப்பத்தில் 'மருத்துவச் செலவு' என்று எழுதி, கடனைக் கொடுத்தாச்சு. தாமதத்துக்கு வட்டி என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும். அந்த வட்டியைக் கட்ட வேண்டியவர் அவர் இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பி.கு: உங்கள் வீட்டில் யாருக்காவது பிரசவம் என்றால், டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடும் முன், "காது டெஸ்ட் ஆச்சா?" என்று கேளுங்கள். ஆகவில்லை என்றால் எங்கே செய்யலாம் என்று எழுதி வாங்குங்கள். மும்பைக்காரர்களுக்கு, பாந்த்ரா ரிக்ளமேஷனில் 1983 முதல் இயங்கும் மத்திய அரசின் அலி யாவர் ஜங் நிறுவனம் இருக்கிறது. தாராவியிலிருந்து எட்டிப் போகிற தூரம். ஒரு வயசாகியும் கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை, "அப்பன் மாதிரி"ன்னு சொல்லி விட்டுடாதீங்க. அந்த அக்கா உங்களிடம் சொல்லச் சொன்ன ஒரே விஷயம் இதுதான்.