காற்றுக்கு லீவு லெட்டர் புரியாது

அமெரிக்காவில் ஆர்.வி. என்று ஒரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே. பின்னால் இரண்டு சைக்கிளைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார்கள். கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா? வானம் கறுக்கும் வரை சுகம்தான். கறுத்த பிறகுதான் சிலருக்கு வீரம் பிறக்கிறது. "ஒரு நாள் உட்கார்ந்தால் டூரே போச்சு, ஓட்டிப் பார்த்துவிடலாம்!"

இந்த வீரத்தைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆர்.வி. உயரமான பெட்டி, பக்கக் காற்றுக்கு அது பாய்மரம் மாதிரி. வயோமிங் மாநிலத்தில் ஐ-80 நெடுஞ்சாலையில், லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே, பலத்த காற்று வீசினால் எடை குறைந்த உயரமான வண்டிகளை விடவே மாட்டார்கள். அந்தச் சாலையின் ஒரு பகுதியை 1970 அக்டோபர் 3-ல் திறந்தார்கள். நான்கே நாளில் பனிப்புயல் வந்து மூட வைத்தது. அரசாங்கமே காத்திருந்த ரோட்டில் இரண்டு சக்கரக்காரர் யாரிடம் முண்டா தட்டுகிறார்?

"சரி, வண்டிக்குள் சீட்டாடிக்கொண்டு காத்திருக்கிறோம்" என்பது அடுத்த தப்பு. மின்னலில் இருந்து காருக்குள் இருப்பவரைக் காப்பது ரப்பர் டயர் அல்ல, சுற்றியுள்ள உலோகக் கூடு. ஃபைபர் கிளாஸ் உடம்புள்ள ஆர்.வி.யில் அந்தக் கூடு இல்லை. சைக்கிளில் எதுவுமே இல்லை. இடி கேட்டால் உறுதியான கட்டடத்துக்குள் போ, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறு என்கிறது அமெரிக்க வானிலைத் துறை. சூறாவளிச் சுழல் என்றால் கேட்கவே வேண்டாம். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் சுமார் 4.2 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒன்று வந்தது. அதில் நேரடியாக இறந்த 8 பேரும் வண்டிகளில் இருந்தவர்கள்.

ஆக, காத்திருப்பது என்றால் சரியான இடத்தில் காத்திருப்பது. முகாமுக்குள் நுழைந்ததுமே "இங்கே கெட்டிக் கட்டடம் எது?" என்று கேட்டு வைப்பது. இதற்குப் பெயர் பயமா? மழை மேகத்தைப் பார்த்து நெல்லை வாரி உள்ளே வைக்கும் விவசாயியை யாராவது கோழை என்பார்களா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த அவசரத்தில் பாதி, பயணியின் கொழுப்பு அல்ல. சம்பளத்தோடு விடுமுறை தந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்காவில் மத்திய சட்டம் எதுவும் கிடையாது. முதலாளி பார்த்துக் கொடுத்த ஏழெட்டு நாளில் ஒரு நாள் மழையில் போனால் வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும். அந்தக் கோபத்தைச் சட்டம் போடுகிறவர்களிடம் காட்டலாம். புயலிடம் காட்டினால், திங்கட்கிழமை வேலைக்குப் போக ஆள் இருக்காது.

பத்து நாள் டூர் என்றால் எட்டு நாளுக்குத் திட்டம் போடுங்கள். மீதி இரண்டு நாள் வானத்தின் பங்கு. அது கேட்காவிட்டால் லாபம். கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும்.